கயிற்றின் கீழ்முனை

அவள் பாறையிலிருந்து விழுந்து சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை. கண் தெரிந்தவர்கள் சாகிற மாதிரியேதான் செத்தாள். ஆனாலும் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே, "பாறையேறப் போற பொண்ணுதானே, இப்படி ஆகும்னு அப்பவே தெரியும்" என்று ஆரம்பித்தார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் "காய்ச்சல்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னான். தலையாட்டினார்கள். நம்பவில்லை. கண் தெரியாத ஒருத்தி உயரத்துக்குப் போனால் விழுந்துதான் தீர வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் எழுந்து வந்து சண்டைக்கு நின்றிருப்பாள். அன்றைக்கு வராததுதான் அவள் போய்விட்டாள் என்பதற்கு அத்தாட்சி.

வீட்டில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். வைத்தது அண்ணன். சாப்பாடு வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாள். சரி, வேண்டாம் என்று தட்டை எடுத்தால் யார் சொன்னது என்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவள் நின்றுவிட்டால், நாலாவது காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி முயலுக்குத்தான் புத்தி சொல்ல வேண்டும் என்பான் அண்ணன்.

சிறு வயதில் பார்வை ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கி, பள்ளி முடிப்பதற்குள் நடுவிலும் போய்விட்டது. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குத் தையல் வேலை. மகளுக்குக் கண் மங்கத் தொடங்கியதிலிருந்து அம்மா வீட்டையே தைத்து மூட ஆரம்பித்தாள். மேசை முனைகளுக்குப் பஞ்சு வைத்த உறை, கதவு நிலைக்கு உறை, அலமாரிக் கைப்பிடிக்கு உறை. வீடு ஒரு பெரிய தலையணையாக மாறிவிட்டது. அதில் மோதி மோதி வளர்ந்தவளுக்கு வேலைக்குப் போகிற வயது வந்த பிறகும் முழங்காலில் ஒரு தழும்பு கிடையாது. தோழிகள் சைக்கிளில் விழுந்தது, சுவர் ஏறிக் குதித்தது என்று ஆளுக்கொரு தழும்பை அவள் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டுவார்கள். திருப்பிக் காட்ட அவளிடம் எதுவும் இருக்காது. கண் போனதைவிட அது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

வேலை, குடிநீர் அலுவலகத்தில். புகார்த் தொலைபேசிக்குப் பதில் சொல்வது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும். இடது காதில் கம்ப்யூட்டர் படிக்கும், வலது காதில் ஊர் திட்டும்.

"ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இல்லை. நீங்கல்லாம் குளிக்கிறீங்களா இல்லையா?"

"இல்லீங்க. நானும் உங்க தெருதான்."

திட்டியவர் சிரித்துவிடுவார். திட்டு நின்றால் முகவரி வாங்கிவிடலாம். எதிராளியின் குரல் எந்த இடத்தில் உடையப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த இடம் வரும்வரை குறுக்கே பேசாமல் காத்திருந்து, வந்ததும் ஒரு வார்த்தை போடுவாள். அலுவலகத்தில் அவளைவிட நன்றாக யாரும் அதைச் செய்ததில்லை.

அந்தத் தொலைபேசிதான் அவளைச் சுவருக்குக் கொண்டுபோனது. ஒரு நாள் கரகரத்த குரலில் ஒருவர் கூப்பிட்டார். குழாயில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் கை கழுவ முடியவில்லை, கையெல்லாம் வெள்ளைத் தூள் என்றார்.

"என்ன தூள்?"

"பிடி வழுக்காம இருக்கத் தடவுறது. இது சுவரேறப் பழக்குற இடம்மா."

"கண்ணு தெரியாதவங்க ஏறலாமா?"

"ஏறலாம். சனிக்கிழமை ஒரு குழு வருது. ஏன் கேட்கறீங்க?"

"உங்க குழாய் வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்றாள்.

சரியாகிவிட்டது. சனிக்கிழமை அண்ணனின் ஸ்கூட்டரில் போய் இறங்கினாள். ஒரு பழைய சரக்குக் கிடங்கு. உள்ளே கூரைவரை எழுப்பிய செயற்கைச் சுவர், அதில் திருகி வைத்த பிளாஸ்டிக் பிடிகள், மேலேயிருந்து தொங்கும் கயிறுகள். கரகரத்த குரல்காரரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். கயிற்றின் ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில். அது மேலே போய் ஒரு வளையத்தில் திரும்பிக் கீழே வரும். மறுமுனை தரையில் நிற்பவரின் இடுப்பில் மாட்டிய ஒரு சிறிய உலோகப் பூட்டு வழியாக அவர் கையில். மேலே இருப்பவர் ஏற ஏறக் கீழே இருப்பவர் தளர்வை இழுத்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குப் பெரிய பலம் தேவையில்லை. பூட்டுக்குக் கீழே இருக்கிற கை தாழ்ந்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை மேலே எழும்பினால் பூட்டு திறந்த மாதிரி, கயிறு ஓடிவிடும்.

ஏறுவது அவளுக்கு உடனே பிடித்துப் போயிற்று. விரலுக்கு ஒரு பிடி, காலுக்கு ஒரு பிடி, அடுத்தது எங்கே என்று தடவுகிற கை. வீட்டில் தடவினால் பஞ்சு. இங்கே தடவினால் கூர்மை. முதல் மாதத்திலேயே முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அது ஆறி வடுவானதும் அலுவலகத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் தொட்டுப் பார்க்க வைத்தாள்.

குழுவில் பல்லி என்று ஒருவன் இருந்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன், சுவரில் ஒட்டிக்கொண்டால் இறங்க மாட்டான். அவனுக்கும் அவளுக்கும் யார் முதலில் மேலே தொடுவது என்று போட்டி. இப்படியே போயிருந்தால் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் எதிர்க்கட்சி.

"மாஸ்டர், நான் கயிறு பிடிக்கணும்."

"ஏறுறது போதாதா?"

"ஏறினது போதும். பிடிக்கணும்."

"அது முடியாதும்மா. கீழ நிக்கிறவங்க மேல இருக்கிறவங்களைப் பார்த்துட்டே இருக்கணும். சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

"நான் போட்டது."

"அப்ப நீங்களே மாத்தலாம்" என்றாள்.

அண்ணன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியபடி கேட்டான். "உனக்கு என்னடி வீம்பு? ஏற விடறாங்க இல்லே?"

"பிறந்ததிலேர்ந்து எல்லாரும் என்னைப் பிடிக்கிறீங்க. ரோட்டுல பிடிக்கிறீங்க, படியில பிடிக்கிறீங்க, பஸ்ஸுல யாருன்னே தெரியாதவன்கூட வந்து தோளைப் பிடிக்கிறான். நான் யாரைப் பிடிக்கிறது?"

அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பதில் தெரியாத கேள்விக்கு ஹார்ன் அடிப்பது அவன் வழக்கம். அடித்தான்.

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும் என்றால் மாஸ்டர் எம்மாத்திரம். கடைசியில் ஒரு மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார். சொல்லாமல் விடுவேன், பிடி என்றார். பின்னால் இன்னொருவர் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏதாவது ஆனால் நிறுத்த.

மூட்டை விழுந்தது. அவள் பிடிக்கவில்லை. உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு கயிறு ஓடியது. பின்னால் நின்றவர்தான் நிறுத்தினார்.

என்ன நடந்தது என்பதைச் சுற்றி நின்ற பார்வையுள்ளவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் புரிந்தது அவளுக்கும் பல்லிக்கும்தான். மேலே மூட்டை உரசிய சத்தம் கேட்டதும் அவள் காதை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். காது போன பக்கம் தலை போயிற்று, தலை போன பக்கம் தோள், தோளோடு கை. கை மேலே எழும்பிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காதால் பிழைத்தவள் செய்யக்கூடிய தப்பு. கண் உள்ள யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் மாஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை அம்மா அவள் கையை விரித்துப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"கயிறு."

"கரணம் தப்பினா மரணம்னு தெரிஞ்சும் எதுக்குடி இந்த வேலை? உனக்குக் கண்ணா இருக்கத்தான் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே."

"அதாம்மா பிரச்சினை" என்றாள். "நீங்க எனக்குக் கண்ணா இருக்கீங்க. நான் உங்களுக்கு என்னவா இருக்கேன்? புண்ணா இருக்கேன்."

அம்மா கையை விட்டுவிட்டாள். பிறகு மறுபடி எடுத்து மருந்து போட்டாள்.

புண் ஆறும்வரை அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். தப்பு செய்தது கண் அல்ல, காது. அப்படியென்றால் கேட்பதை நிறுத்த வேண்டும். யோசித்து முடித்ததும் சனிக்கிழமை கிடங்குக்கு வந்தவள், பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் திணித்தாள். அதற்கு மேல் அலுவலக ஹெட்ஃபோனை மாட்டினாள். வயர் எதிலும் சொருகாமல் தொங்கியது. கயிற்றைப் பூட்டில் மாட்டி, ஒருமுறை தடவிச் சரிபார்த்து, தாழ்ந்த கையோடு நின்றாள்.

"மாஸ்டர், கண்ணு இல்லாம பிடிக்க முடியாதுன்னீங்க. நான் காதும் இல்லாம பிடிக்கிறேன். இப்ப நீங்க வேணாம்னு சொன்னாலும் எனக்குக் கேட்காது. அதனால சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

மாஸ்டர் என்னென்னவோ சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிலை மாதிரி நின்றாள். திட்டி முடித்த மாஸ்டர் வேறு வழியில்லாமல் மூட்டையை ஏற்றினார்.

கேட்க எதுவும் இல்லாதபோது கயிறு பேசியது. மூட்டை காற்றில் லேசாகச் சுழல்வது கூட நூல் நூலாகக் கையில் வந்தது. விட்ட கணம், எடை வருவதற்கு முன்பே, கயிறு ஒரு மூச்சு உள்ளே இழுத்தது போல இருந்தது. கை தாழ்ந்தே இருந்தது. மூட்டை நின்றது. மறுபடி விட்டார், நின்றது. மெதுவாக நழுவவிட்டு ஏமாற்றிப் பார்த்தார். இன்னொரு மூட்டையைச் சேர்த்துக் கட்டிப் பார்த்தார். நின்றது. கடைசியில் வந்து அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தார். அவளே பஞ்சை எடுத்தாள்.

"சரி. மணல் மூட்டைக்கு அழறதுக்கு ஆள் கிடையாது. மனுஷன் விழுந்தா?"

"மனுஷனைக் கட்டுங்க."

"காதைத் திறந்துட்டு நல்லா பழகு. கை எழும்பக் கூடாது. அப்புறம் கல்குவாரியில வெச்சுப் பார்க்கலாம், நிஜப் பாறையில. ஆனா உன் கயிற்றில ஏற ஒரு ஆள் தானா சம்மதிக்கணும்."

"நான் ஏறறேன்" என்று பல்லி உடனே கையைத் தூக்கினான்.

"நீ வேணாம்."

"ஏன், என் உயிர் மட்டமா?"

"நீ ஏறினா, குருடனைக் குருடி பிடிச்சான்னு நமக்குத் தனியா ஒரு வரிசை போட்டுக் கொடுத்துருவாங்க. கண்ணு தெரிஞ்சவங்க யாராவது ஏறட்டும்."

சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிற பார்வையுள்ளவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். அவள் ஏறும்போது தொண்டை வறளக் கத்தி ஊக்கம் கொடுத்தவர்கள். ஒருவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. ஒருவருக்கு அந்த மாதம் முழுக்க வேலை இருந்தது. ஒரு பெண், "உன்மேல நம்பிக்கை இருக்கு, ஆனா வீட்டுல விட மாட்டாங்க" என்றாள். அவள் ஒவ்வொரு பதிலையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். தண்ணீர் இன்று வரும், நாளை வரும் என்று சொல்லிப் பழகியவளுக்குச் சாக்கு எது என்று தெரியாதா.

வாசலில் கூட்டிப்போக வந்து நின்ற அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முதல்ல நான் எத்தனை கிலோன்னு கேளுங்க" என்றான். "ஒரு ஃப்ரிட்ஜைவிடக் கொஞ்சம்தான் கம்மி."

அவள் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீ மாடியில துணி காயப்போடவே பயப்படுவே."

"அது வேற."

"என்ன வேற?"

"அங்க நீ கயிறு பிடிக்கலியே" என்றான். கிண்டலா நிஜமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கைவிடப்பட்ட கல்குவாரி ஊருக்கு வெளியே இருந்தது. காலையிலேயே பாறையில் சூடு ஏறிவிட்டிருந்தது. அண்ணன் எடை அதிகம், அவள் எடை குறைவு. அவன் விழுந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பின்னால் தரையில் அடித்த இரும்பு முளையோடு ஒரு பட்டையால் அவளைக் கட்டினார்கள். மாஸ்டர் கயிற்றின் வாலைக் கையில் எடுத்தார்.

"நீங்க எதுக்குப் பிடிக்கறீங்க? அப்புறம் நான் பிடிச்சேன்னு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் யார் பிடிச்சாலும் நான் பின்னால பிடிப்பேன். உனக்குன்னு தனிச் சட்டம் வேணுமா?"

எதிர்க்கட்சி வாயடைத்துப் போனது அன்று ஒருநாள்தான். "வேணாம். பிடிங்க" என்றாள்.

அண்ணன் ஏறினான். வேகமாக ஏறினான், பயந்தவர்கள் ஏறுகிற மாதிரி. அவள் தளர்வை இழுத்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக் கூரை உயரத்தைத் தாண்டிய பிறகு கயிறு நகரவில்லை.

"என்னண்ணா?"

"கீழ பார்த்துட்டேன்."

"சரி, இறங்கு. கையை விட்டுட்டுக் கயிற்றில உட்காரு. நான் இறக்கறேன்."

"விட மாட்டேன்."

கீழே இருந்தவர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். கையை விடு, காலை ஊன்று, மேலே பார், பார்க்காதே. அவள் எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னாள். புகார் மேசைக் குரலில் ஆரம்பித்தாள்.

"எத்தனை ரோடு என்னைத் தாண்ட வெச்சிருக்கே? ஒரு தடவையாவது வண்டி வருதான்னு கேட்டிருக்கேனா?"

"கேட்டிருக்கே. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கே." பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த குரல் மூச்சு முட்ட வந்தது. "நடு ரோட்டுல நின்னு கேட்டிருக்கே."

கீழே சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றில் ஒரு நடுக்கம் வந்துகொண்டிருந்தது. மேலே அவன் கால் ஆடுவது அவள் கையில் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் விடப்போவதில்லை, கால்தான் விடப்போகிறது என்று மட்டும் புரிந்தது. முழங்காலை மடக்கி நின்று, கையை இடுப்புக்குக் கீழே இறக்கினாள்.

கல் உருளும் சத்தம் கேட்டது. அவன் கத்தினான். அவள் காது அந்தப் பக்கம் போகவில்லை. எடை முழுவதும் இடுப்பில் வந்து இறங்கியது. முன்னால் பாறை இழுக்க, பின்னால் முளை இழுக்க, நடுவில் அவள் நுனிக்காலில் நின்றாள். கயிறு ஓடவில்லை.

பிறகு மாஸ்டரின் கரகரத்த குரல் பின்னாலிருந்து வந்தது. "என் கையில கயிறு தளர்ந்துதான் கிடக்கு. எல்லாரும் பார்த்துக்கங்க."

"அண்ணா" என்றாள். "உயிரோட இருக்கியா?"

"முட்டி போச்சு."

"காட்டறதுக்கு ஒண்ணு ஆச்சு. இறக்கட்டுமா?"

தொங்கிக்கொண்டிருந்தவனின் நடுக்கம் கயிற்றில் மெல்ல மெல்லக் குறைந்தது. "இரு" என்றான். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கிறேன். நீ பிடிச்சுக்கோ."

உச்சிவரை போகவில்லை. ஆனால் பயந்து நின்ற இடத்தைத் தாண்டிப் போனான். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தவன் அவள் பூட்டைக் கழற்றும்வரை எழுந்திருக்கவே இல்லை.

வீட்டில் அம்மா அவன் முழங்காலைக் கழுவினாள்.

"இவன் விழுந்தப்ப நீ எங்கடி இருந்தே?"

"கீழ. கயிறு பிடிச்சிட்டிருந்தேன்."

அம்மா துணியைப் பிழிந்தாள். "கெட்டியா பிடிச்சியா?"

"வந்துட்டான் இல்லே."

அதன் பிறகு கிடங்கில் சட்டம் மாறியது. அவளுக்காக மாறவில்லை, அப்படி மாறியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டாள். கயிறு பிடிக்கக் கற்கிற எவரும், எத்தனை நல்ல கண் இருந்தாலும், கண்ணையும் கட்டிக் காதையும் அடைத்து மணல் மூட்டையைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். வழக்கமாகக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த பலர் முதல் தடவை தோற்றார்கள். அவள் அதற்காகச் சிரித்தாள் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். சிரித்தது உண்மைதான்.

கடைசி மழைக்காலம் வரை சனிக்கிழமைகளில் அவள் அந்தச் சுவரடியில் நின்றாள். பெரும்பாலும் புதியவர்கள். ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன் வரிசையில் முன்னால் வந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்து வைத்த வெள்ளைத் தடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அக்கா, கயிறு யார் பிடிக்கிறது?"

"நான்தான்."

"இல்லக்கா, வேற யாராவது..."

"வேற யாராவது வேணும்னா அடுத்த வரிசையில கடைசிக்குப் போ. அங்க கயிறு பிடிக்கிறவரும் கண்ணைக் கட்டித்தான் பாஸ் பண்ணினார். எனக்கு அந்தத் துணி செலவு மிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம்."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். பையன் போகவும் இல்லை, ஏறவும் இல்லை. அவள் அவனை வற்புறுத்தவில்லை. காலைச் சற்று அகட்டி, கையைத் தாழ்த்தி நின்றாள். அவன் விடும் மூச்சு ஒருமுறை கேட்டது. பிறகு கையில் கயிறு மெல்லத் தளர்ந்தது. அவள் தளர்ந்ததை இழுத்துக்கொண்டாள்.